பூனை அங்கே, இரைப்பு இங்கே: பிரிந்து வாழும் அப்பா அம்மா பிள்ளையின் அலர்ஜியைச் சேர்ந்து சமாளிப்பது எப்படி

என் மகனுக்கு எட்டு வயது. வாரநாளெல்லாம் சத்துவாச்சாரியில் என்னோடு இருப்பான். சனிக்கிழமை காலை அவன் அப்பா வந்து குடியாத்தத்துக்கு அழைத்துப் போவார், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். நாங்கள் பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. பேசி, ஒத்துக்கொண்டு பிரிந்தவர்கள். ஸ்கூல் பீஸ், தீபாவளித் துணி, யார் வீட்டில் பொங்கல் என்று எதிலும் எங்களுக்குள் பெரிய தகராறு வந்ததில்லை. ஒரு பூனை விஷயத்தில் வந்தது. பஸ் ஸ்டாண்டில் பையனைக் கைமாற்றும்போதுகூட நேராகப் பார்த்துப் பேசாத அளவுக்கு வந்தது.

அந்த மாதங்களில் நாங்கள் செய்த தப்புகளையும், அப்புறம் எது உதவியது என்பதையும் எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் ஒரு வீட்டுக்காவது ஆறு மாதம் மிச்சமாகட்டும். ஏனென்றால் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுகிற அந்த ஆறு மாதமும் ராத்திரி உட்கார்ந்து இருமுவது பிள்ளைதான்.

குடியாத்தம் வீட்டில் கைத்தறி ஓடுகிறது. லுங்கி நெய்கிறார்கள். தறி இருக்கிற வீட்டில் எலி வந்தால் நூலைக் கடித்துப் போட்டுவிடும், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவே பாழ். அதனால் அந்த வீட்டில் எப்போதும் ஒரு பூனை உண்டு. நான் மருமகளாகப் போனபோதும் இருந்தது. இப்போது இருப்பது சாம்பல் நிறம். என் மகன் அதற்குக் குண்டு என்று பெயர் வைத்திருக்கிறான். மதியத்தில் அவன் மடியில்தான் தூங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாத லீவில், வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்காகப் பத்து நாள் அங்கே இருந்துவிட்டு வந்தான். வரும்போதே கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்றாம் ராத்திரி நெஞ்சில் விசில் சத்தம். விடிகிற நேரத்தில் ஆட்டோ பிடித்து ஓடி, மருந்தைப் புகை மாதிரி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் வைத்துக்கொண்டு வந்தோம். பார்த்த டாக்டர், "வீட்டில் நாய், பூனை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் போன் போட்டேன்.

"உங்க வீட்டுக்குப் போனாலே பையனுக்கு உடம்பு கெட்டுடுது. முதல்ல அந்தப் பூனையைத் தொலைங்க."

"இங்க பத்து நாள் நல்லாத்தானே இருந்தான்? உன் வீட்டுக்கு வந்த மூணாம் நாள்தானே இழுத்துச்சு? உன் வீட்டுல என்ன இருக்குன்னு முதல்ல பாரு."

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருந்தது. அது தெரிய டிசம்பர் வரை ஆனது.

பேச்சுக்கு முன்னால் நோட்டு

முதலில் செய்ய வேண்டியது, யார் சொல்வது சரி என்ற பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவது. அது பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். பிள்ளை எந்த வீட்டுக்குப் போகிறானோ நோட்டும் அங்கே போகும். அந்த வீட்டில் இருப்பவர் எழுத வேண்டும். தேதி, நேரம், எந்த வீடு, என்ன ஆனது, என்ன மருந்து கொடுத்தோம், அதற்கு முன்னால் அரை நாளில் என்ன நடந்தது. இவ்வளவுதான்.

எங்கள் முதல் நோட்டிலிருந்து இரண்டு வரி:

"சனி, இரவு 11.40. இருமல், உட்கார வைத்தேன், பத்து நிமிஷம். அப்பா வீடு. சாயங்காலம் பூனை மடியில்."

"செவ்வாய், காலை 6. அடுக்குத் தும்மல், கண் அரிப்பு. அம்மா வீடு. முந்தின நாள் மெத்தையை உதறிப் போட்டேன்."

கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். "உங்க அம்மா கவனிக்கல", "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை வந்தாலும் நோட்டு கெட்டுவிடும். அடுத்த வாரம் அந்தப் பக்கம் யாரும் எழுத மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் முதல் மூன்று வாரம் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. நான் என் வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன் என்று பார்த்த பிறகுதான் அவர் பேனா எடுத்தார்.

ஆறு வாரத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது. பூனையை மடியில் வைத்த அரை மணிக்குள் கண்ணும் மூக்கும். அது குடியாத்தம். என் வீட்டில் காலை எழுந்ததும் ஐந்தாறு தும்மல், வாரத்தில் நாலு நாளாவது. இன்னொன்றும் தெரிந்தது. ஞாயிறு ராத்திரி இருமல் என் வீட்டில்தான், ஆனால் அவன் அங்கே போட்டிருந்த சட்டையையே போட்டுக்கொண்டு தூங்கிய நாட்களில். பூனை பஸ் ஏறி வரவில்லை, சட்டையில் வந்தது.

டாக்டரிடம் இரண்டு பேரும் போங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் ரயில் ஏறி வைத்தியத்துக்கு வரும் ஊர் வேலூர். நாமோ பக்கத்திலேயே இருந்துகொண்டு மெடிக்கல் ஷாப்பில் சளி சிரப் வாங்கி ஊற்றிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் மட்டும் போய் வந்து, "டாக்டர் சொன்னாங்க" என்று மற்றவரிடம் சொன்னால், காதில் விழுவது உங்கள் குரல்தான். டாக்டர் குரல் விழாது. கேட்பவர் பாதியை நம்ப மாட்டார். அது மனித சுபாவம். ஒரே அறையில், ஒரே நேரத்தில், இரண்டு பேரும் கேட்க வேண்டும். முடியவே இல்லையென்றால், டாக்டரிடம் அனுமதி கேட்டு மற்றவரைப் போனில் ஸ்பீக்கரில் போடுங்கள். பிரிஸ்கிரிப்ஷனை அங்கேயே போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

பரிசோதனை இரண்டு வகை. ஒன்று ரத்தத்தில் பார்ப்பது. இன்னொன்று தோலில் குத்திப் பார்ப்பது. தோல் பரிசோதனைக்குப் போகும் முன் சிட்ரிசின் மாதிரியான அலர்ஜி மாத்திரையை, பொதுவாக ஒரு வாரம் போல, நிறுத்தச் சொல்வார்கள். சரியான நாளை டாக்டரிடம் கேட்டு இரண்டு வீட்டிலும் ஒரே தேதியில் நிறுத்துங்கள். ஒரு வீட்டில் தெரியாமல் ஒரு ஸ்பூன் சிரப் கொடுத்துவிட்டால் பரிசோதனை வீண். இரைப்புக்கான இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன், பிள்ளையைத் தயார்ப்படுத்த உதவும். முன்கையில் நர்ஸ் பேனாவால் எண் போட்டார். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு. சொட்டின் மேல் சின்ன முனையால் லேசாக ஒரு குத்து, ரத்தம்கூட வரவில்லை. "எறும்பு கடிச்ச மாதிரிதான்மா" என்றான். அப்புறம் பதினைந்து நிமிஷம் சொறியாமல் உட்கார வேண்டும். அதுதான் கஷ்டம். அவன் அப்பா அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷமும் கதை சொன்னார். ஒரு சொட்டு வெறும் திரவம், அதில் எதுவும் வரக் கூடாது. ஒரு சொட்டு ஹிஸ்டமின், அலர்ஜி வந்தால் உடம்பே சுரக்கும் பொருள் அது, அதில் தடிப்பு வந்தே ஆக வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம். வெறும் திரவத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ்.

நான் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். அளவு என் கண்ணுக்குத் தப்பாது. நர்ஸ் ஸ்கேல் வைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். பூனைக்கு 6. தூசிப் பூச்சிக்கு 8.

தூசிப் பூச்சி என்றால் என்ன என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத உயிர். கடிக்காது. மெத்தை, தலையணை, பொம்மை இவற்றில் இருந்துகொண்டு நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று வாழும். அதன் கழிவுதான் மூக்குக்குள் போகிறது. "பையன் எதில் படுக்கிறான்?" என்று கேட்டார்.

என் கல்யாணத்துக்கு அம்மா சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையில் படுக்கிறான். பன்னிரண்டு வருட மெத்தை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபோது அதை மட்டும் ஆட்டோவில் கட்டி எடுத்து வந்தேன்.

அவன் அப்பா அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பார்த்தியா" என்று சொல்லியிருக்கலாம், அவருக்கு உரிமை இருந்தது. வெளியே வந்து பையனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "சரி, ரெண்டு வீட்டையும் பார்க்கணும்" என்றார். அந்த நாளிலிருந்துதான் எங்களுக்குள் பேச்சு திரும்பியது. பரிசோதனை முடிவு உங்கள் பக்கம் வந்தாலும் அந்த "பார்த்தியா"வைச் சொல்லாதீர்கள். சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய உதவி என்பதை வாங்கிக்கொண்டவள் நான்.

தடிப்பின் அளவை வைத்து எவ்வளவு ஆபத்து என்று நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். பாசிட்டிவ் என்றால் உடம்பு அதை அடையாளம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் தொந்தரவு வருகிறதா என்பதை நோட்டையும் பரிசோதனையையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் சொல்ல முடியும். நாங்கள் நோட்டைக் கொடுத்தபோது பக்கம் பக்கமாகப் படித்தார்.

இரண்டு வீட்டிலும் ஓடுகிற தப்பான பேச்சுகள்

"பூனை முடி உள்ளே போனால்தான் வீசிங்" என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வோம். முடி காரணம் இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது மேலெல்லாம் படிந்து, காய்ந்து, பொடியாகிக் காற்றில் மிதக்கும். மிக லேசானது, சுவர், துணி, பாய் எல்லாவற்றிலும் ஒட்டும். அதனால் மொட்டை அடித்தாலும், முடி உதிராத ஜாதி என்று விலை கொடுத்து வாங்கினாலும் அலர்ஜி இல்லாத பூனையோ நாயோ கிடையாது. நாய் வாங்கப் போகிற வீட்டுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

"ஒரு வாரம் பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் பார்த்தோம், ஒண்ணும் குறையல, அப்ப பூனை இல்ல" என்று குடியாத்தத்தில் சொன்னார்கள். பூனை போன பிறகும் அந்தப் பொடி வீட்டில் பல மாதம் இருக்கும். ஒரு வாரத்தில் எதுவும் நிரூபணம் ஆகாது.

"பம்ப் பழக்கம் ஆகிடும்" என்பது என் அம்மாவின் பயம். இன்ஹேலர் அடிமைப்படுத்துவதில்லை. மாத்திரை, சிரப்பைவிடக் கொஞ்சமான மருந்து, போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. இந்தப் பயத்தால் ஒரு வீட்டில் போட்டு ஒரு வீட்டில் போடாமல் விடுவதுதான் பூனையைவிடக் கெடுதல்.

வீட்டை மாற்றுவது

என் வீட்டில்: மெத்தையைக் கொடுத்துவிட்டேன். பிரித்துப் பஞ்சைக் காயவைத்து மறுபடி தைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன், கத்தரிக்கோல்கூட எடுத்துவிட்டேன். பழைய பஞ்சு பழைய பஞ்சுதான் என்று விட்டுவிட்டேன். மேல் துணியில் ஒரு முழம் மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். இப்போது ஜிப் வைத்த உறை போட்ட மெத்தை, தலையணைக்கும் அதே மாதிரி. பெட்ஷீட் வாரம் ஒரு தடவை நல்ல சூடான தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுகிறேன். வேலூர் வெயிலை நாம் திட்டுகிறோம், இந்த ஒரு காரியத்துக்கு அது வரம். ஆனால் வெயிலில் போட்டால் மட்டும் போதாது, துவைக்கவும் வேண்டும். துடைப்பம் போட்டுப் பெருக்குவதற்குப் பதில் ஈரத் துணியால் துடைக்கிறேன், அதுவும் பையன் ஸ்கூலில் இருக்கும்போது. தையல் மெஷின் முன்னறைக்குப் போய்விட்டது, துணிப் பிசிறு படுக்கைப் பக்கம் வருவதில்லை.

குடியாத்தத்தில்: பூனையை வீட்டை விட்டு அனுப்பிவிடுவதுதான் முழுத் தீர்வு என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். எலி, நூல், பிழைப்பு எல்லாம் கேட்டுவிட்டு ஒரு நடுவழியும் சொன்னார். தறிக்கொட்டகை வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. பூனை இனி அங்கே மட்டும். வீட்டுக்குள் வரும் கதவுக்குக் கம்பி வலை அடித்தார்கள். பையன் படுக்கும் அறையைக் காலி செய்து, சுவர் துடைத்து, வெள்ளை அடித்து, பாய், தலையணை எல்லாம் புதிது. அவன் கொட்டகைக்குள் போகக் கூடாது. அங்கே நூல் தூசியும் சேர்ந்து இருக்கிறது. பூனையைத் தொட்ட பெரியவர்கள் கை கழுவிச் சட்டை மாற்றிவிட்டுத்தான் அவனைத் தூக்க வேண்டும். பூனையைக் குளிப்பாட்டினால் போதாதா என்று கேட்டோம். சில நாளிலேயே பழையபடி ஆகிவிடும் என்றார்.

முதல் மூன்று மாதம் ராத்திரித் தங்கல் வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்தோம், வீட்டில் படிந்தது குறையட்டும் என்று. அந்த மூன்று மாதமும் அவன் அப்பா ஞாயிறு காலை பஸ்ஸில் வேலூர் வந்துவிடுவார். கோட்டை மைதானத்தில் பந்து, அகழி ஓரம் நடை, மதியம் ஒரு பிரியாணி, சாயங்காலம் திரும்பிப் போவார். பிள்ளையைப் பார்க்கிற நேரம் குறையக் கூடாது, இடம் மட்டும் மாறட்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அலர்ஜியைக் காட்டி அப்பாவைப் பிரிப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டால் நாளைக்கு உண்மையான ஆபத்தைச் சொன்னாலும் நம்ப மாட்டார்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்று. கொசுவத்தி, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. பூனையும் தூசிப் பூச்சியும் ஏற்கெனவே புண்ணாக்கி வைத்த மூச்சுக்குழாயில் இந்தப் புகை நெருப்பு வைத்த மாதிரி. நிறுத்திவிட்டோம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தேய்ப்பதையும்தான்.

ஆயாவிடம் யார் சொல்வது

"இன்னாம்மா இது, பூனையாண்ட வெளையாடாத புள்ள உண்டா? நாங்கள்லாம் வளரல?" என்றார் அவன் ஆயா. நான் பதில் சொல்லவில்லை. அவரவர் அம்மாவிடம் அவரவர்தான் பேச வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். என் அம்மாவின் பம்ப் பயத்தை நான் பார்த்துக்கொண்டேன், ஆயாவை அவர் பார்த்துக்கொண்டார். அடுத்த ரிவியூவுக்கு ஆயாவையும் கூட்டி வந்தார். டாக்டர், "பாட்டிம்மா, ராத்திரி இவன் இருமும்போது யார் எழுந்திருக்கிறது?" என்று கேட்டார். "நான்தான்" என்றார் ஆயா. "அப்ப இதை உங்ககிட்டதான் கத்துக்கொடுக்கணும்" என்று, இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்க உதவும் குழாயான ஸ்பேசரை அவர் கையில் கொடுத்தார். இப்போது குடியாத்தத்தில் மருந்து நேரம் தவறாமல் நடப்பதற்கு அவர்தான் காரணம்.

பிள்ளை மறைக்கிறானா என்று பாருங்கள்

இது என்னை உலுக்கிய விஷயம். பரிசோதனைக்கு முன்னால் ஒரு ஞாயிறு ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு மூச்சு திணறுகிற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு இருமிக்கொண்டிருக்கிறான். தூக்கி உட்கார வைத்து ஏன் என்று கேட்டேன். ரொம்ப நேரம் சொல்லவில்லை. அப்புறம், "நான் இருமினா நோட்டுல எழுதுவீங்க. குண்டுவைத் தூக்கிட்டுப் போய் விட்டுடுவீங்க" என்றான்.

போனில் நாங்கள் பேசியது எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. அங்கே "நல்லாத்தான் இருந்தான்" என்று அவர் சொன்னதும் பொய் இல்லை; அங்கேயும் இப்படித்தான் அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறான்.

அன்று ராத்திரியே அவன் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அவனை உட்கார வைத்துப் பேசினோம். சொன்னது இது: "குண்டு மேல தப்பு இல்ல. உன் மேலயும் இல்ல. உன் உடம்பு பூனை எச்சிலைப் பார்த்துப் பயப்படுது, அவ்வளவுதான். நீ இருமினதுக்காக யாரும் குண்டுவைத் தெருவுல விட மாட்டோம். வேற இடம் பார்க்க வேண்டி வந்தாலும் உன்கிட்ட சொல்லிட்டு, நல்ல வீடா பார்த்துத்தான் விடுவோம். ஆனா மூச்சு முட்டினா உடனே சொல்லணும்." இதை ஒருவர் மட்டும் சொல்லிப் பயனில்லை. இரண்டு குரலும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். பிள்ளையிடம் "அங்க பூனை உள்ள வந்துச்சா?" என்று துருவிக் கேட்பதையும் அன்றோடு விட்டேன். கேட்க வேண்டியதை அவன் அப்பாவிடமே கேட்கிறேன்.

மருந்தும் ஒரே காகிதமும்

மருந்து இரண்டு செட் வாங்குங்கள். தினமும் போடும் தடுப்பு இன்ஹேலர், அவசரத்துக்கான இன்ஹேலர், ஸ்பேசர், மூன்றும் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். பையில் வைத்து அனுப்பினால் ஒரு நாள் மறந்துபோகும். எங்களுக்கு ஒரு தடவை காட்பாடி தாண்டிய பிறகு ஞாபகம் வந்தது. தடுப்பு மருந்து போட்ட பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காய விடுங்கள், துணியால் துடைத்தால் மருந்து அதன் உள்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். போட்டதும் "போட்டாச்சு" என்று வாட்ஸப்பில் ஒரு வார்த்தை. வேறு எதுவும் அந்த மெசேஜில் வேண்டாம்.

பேசி முடித்ததை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பூனை எங்கே இருக்கும், யார் எதைச் சுத்தம் செய்வது, செலவு பாதிப் பாதி, ரிவியூவுக்கு இரண்டு பேரும் வருவது. அதில் மிக முக்கியமான வரி கடைசி வரி: அவசர இன்ஹேலர் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டாலோ, ராத்திரி இருமி எழுந்தாலோ, நெபுலைசர் வைக்க ஓட வேண்டி வந்தாலோ, உடனே டாக்டரைப் பார்ப்பது, அவர் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் பூனைக்கு வேறு வீடு. நல்ல மனநிலையில் இருக்கும்போது இந்த எல்லையைப் போட்டுவிட்டால், நெருக்கடியில் சண்டை போட வேண்டியதில்லை. வேறு வீடு என்றால் வேறு வீடுதான், பாலாற்று மணலில் கொண்டுபோய் விடுவதில்லை. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதைவிடப் பிள்ளை அதை மறக்க மாட்டான்.

மற்றவர் எதற்குமே ஒத்துவரவில்லை என்றால்? என் வக்கீல் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். கோர்ட் உத்தரவு இருந்தால், நீங்களாகப் பிள்ளையை அனுப்பாமல் நிறுத்தாதீர்கள், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். டாக்டரிடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள், நோட்டை வையுங்கள், பார்க்கும் இடத்தையோ நேரத்தையோ மாற்றித் தரச் சொல்லிக் குடும்ப நீதிமன்றத்தில் கேளுங்கள். முதலில் சமரசம்தான் பேசுவார்கள், 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) காப்பாளர் சட்டமும் அப்பா உரிமை, அம்மா உரிமை இரண்டுக்கும் மேலே பிள்ளையின் நலனை வைக்கிறது. பெரும்பாலும் கடிதமும் நோட்டும் கையில் இருந்தாலே கோர்ட் வரை போக வேண்டி வராது என்பது என் நம்பிக்கை.

ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சு, சமரசம் எதுவும் கிடையாது. மூச்சு விடும்போது விலா எலும்புக்கிடையே தோல் உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், அவசர இன்ஹேலர் போட்டும் குறையாவிட்டால், 108. டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் இன்ஹேலரைப் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். மற்றவருக்குப் போன் வண்டியில் ஏறிய பிறகு. இதை ஆயா முதல் என் அம்மா வரை எல்லோரும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதி இரண்டு வீட்டுச் சமையலறையிலும் ஒட்டியிருக்கிறோம்.

ராத்திரித் தங்கல் மறுபடி ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு. மழை மாதத்தில் காலைத் தும்மல் கொஞ்சம் ஏறுகிறது, அது என் வீட்டுக் கணக்கு. தடுப்பு மருந்தின் அளவை ஒரு தடவை குறைத்திருக்கிறார்கள். போன ஞாயிறு நோட்டைத் திறந்தபோது அவன் அப்பா எழுதியிருந்தது: "சனி. மருந்து 8 மணி. ராத்திரி முழுக்கத் தூங்கினான். குண்டு கொட்டகையில், வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தான். தும்மல் இல்லை."